மூன்றாம் ஓலை

ஓடைப்பட்டி
4.8.2025, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி சொர்ணலதாவுக்கு,

ஸ்டான்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் இரத்தக்கொதிப்பு ஒன்றைத் தவிர. அதற்குக் காரணம் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நேற்று சாயங்காலம் ஃபோனில் நாம் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. என் வீட்டம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "சம்பந்தியம்மாகிட்ட இப்படியா கத்துவாக?" என்று கேட்டாள். கத்தியது நான் மட்டும் இல்லை என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அதனால் இந்த விஷயம் தீரும்வரை நாம் கடிதத்தில் பேசிக்கொள்வோம். நம் திராட்சை வண்டி தினமும் போடி மார்க்கெட்டுக்கு வருகிறது. டிரைவர் வீரணன் உங்கள் பாத்திரக்கடையில் கொடுத்துவிட்டு, பதிலையும் வாங்கி வருவான்.

நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். என் மகன் வினோத்ராஜுக்கும் உங்கள் மகள் ஷெரினுக்கும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையில் நேற்று எங்கள் சபையில் முதல் ஓலை வாசித்தேன். எங்கள் போதகர் ஐயர் பல ஊர்ச் சபைகளைப் பார்க்கிறவர். மாதம் ஒரு ஞாயிறுதான் இங்கே வருவார். மற்ற ஞாயிறுகளில் சபைச் செயலாளர் நான்தான் வாசிக்க வேண்டும். தகப்பனே மகனுக்கு ஓலை வாசிப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சந்தோஷமாகத்தான் வாசித்தேன். "இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்" என்று முறைப்படி கேட்கவும் செய்தேன். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சபை மூப்பர் ஜெபராஜ் என் சட்டையைப் பிடிக்காத குறைதான். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி சுபாஸ்ரீ போடியில் உங்களிடம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் படித்தவளாமே. ஊருக்கு வந்த இடத்தில் குடும்ப ஜெபம் முடிந்ததும், "தாத்தா, பயப்படாதீக, நரகத்துக்குக் கடைசியில லீவு விட்டுருவாகளாம், சொர்ணா டீச்சர் சொன்னாக" என்றிருக்கிறாள்.

மூன்றாம் ஓலையில் எழுந்து ஆட்சேபணை சொல்வேன் என்கிறார் ஜெபராஜ். அன்றைக்கு ஐயரும் வருகிறார். ஆட்சேபணை வந்தால் விசாரித்து முடிக்கும்வரை கல்யாணத்தை நிறுத்திவைப்பது ஐயரின் வழக்கம். ஆடி போகட்டும் என்று மச்சானின் சொந்தக்காரர்கள் கேட்டதற்காக ஆவணியில் வைத்த கல்யாணம். பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

ஒரே வழிதான் இருக்கிறது. நரகம் நித்தியமானது, அதில் விழுந்தவர்களுக்கு மீட்பில்லை என்று நீங்கள் விசுவாசிப்பதாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஜெபராஜின் வாயை நான் அடைத்துவிடுகிறேன். இத்துடன் பன்னீர் திராட்சை ஒரு பெட்டி வருகிறது.

உங்கள் நன்மையையே நாடும் அண்ணன்,
ஸ்டான்லி


போடிநாயக்கனூர்
6.8.2025

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும்,

தங்கச்சி சொர்ணாவின் ஸ்தோத்திரம். திராட்சை வந்தது. உங்கள் மச்சான் பாதிப் பெட்டியைக் கடை வாசலில் நின்றபடியே காலி செய்துவிட்டு, "சம்பந்தி கோவத்துல இருந்தாலும் பழம் இனிக்கத்தான் செய்யுது" என்றார். அவருக்கு இந்த ரகளை எல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. இருக்காதா? நாமெல்லாம் அடித்துக்கொள்வது செத்தபிறகு அவர் எங்கே போவார் என்பதைப் பற்றித்தானே.

மதினி என்னிடம் ஒன்று சொன்னார்கள். மற்ற ஊர்களில் ஓலை வாசிக்கிறவர்கள் "தடை உண்டென்றால் தெரிவிக்கலாம்" என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குத் தாவிவிடுவார்கள். நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஆண்கள் பக்கம் ஒரு பார்வை, பெண்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்து நின்றீர்களாம். அவ்வளவு நேரம் கொடுத்தால் சும்மா இருக்கிறவருக்கும் ஆட்சேபணை தோன்றும் அண்ணா. சொந்த மகன் கல்யாணத்தில் இத்தனை நியாயம் பார்க்கிற மனிதரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். லீவு என்று நான் சொல்லவில்லை. அது சுபாஸ்ரீயின் சொந்தச் சரக்கு. வேதாகமப் பள்ளிக்கு மைக் செட் கட்டிக் கொடுத்தவர், வெயிலுக்குச் சாமியானா போட்டவர் எல்லாம் உங்கள் மச்சான்தான். அவர் ஞானஸ்நானம் எடுக்காதவர் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஞாயிறுதோறும் என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சுபாஸ்ரீ கையைத் தூக்கி, "டீச்சர், குருசாமி மாமா நரகத்துக்கா போவாக?" என்று கேட்டாள். பிள்ளைகள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அவரும் வெளியே வயரைச் சுற்றிக்கொண்டு நின்றார். "போனாலும் இயேசுசாமி அங்கனயே போயி கூட்டிட்டு வந்துருவாரு. கடைசி ஆளு வெளிய வர்ற வரைக்கும் அவரு விடமாட்டாரு" என்றேன். பிள்ளைகள் கைதட்டின.

இதற்காக ஜூன் மாதமே எங்கள் கமிட்டி என்னை ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பதிலிருந்து நிறுத்திவிட்டது. அதை உங்களிடம் சொல்லாமல் விட்டது கௌரவத்துக்காக. இப்போது கடைக்கு வருகிறவர்களில் சிலர் சாமான் கேட்பதற்கு முன்னால் என் ஆத்துமாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். "அது நல்லாருக்கு, நீங்க குக்கரைப் பாருங்க" என்று சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணா. பிடிவாதம் இல்லை, நம்பாததை நம்புவதாக எழுதினால் அது பொய். சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் இரண்டு பேர் பெயரும் வெட்டியாகிவிட்டது. ஜெபராஜ் அண்ணன் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

அன்பு குறையாத தங்கச்சி,
சொர்ணலதா


ஓடைப்பட்டி
8.8.2025

தங்கச்சிக்கு,

குக்கர் பதிலை என் வீட்டம்மா சத்தமாக வாசித்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் வந்தது; அடக்கிக்கொண்டேன். கண்ணாடியைத் துடைத்தது வியர்வைக்காக.

நான் படித்தவன் அல்ல, கொடிக்கு மருந்தடிக்கிறவன். ஆனாலும் கேட்கிறேன். கடைசியில் எல்லாரும் போய்ச் சேரப் போகிறோம் என்றால் நான் எதற்கு இத்தனை காலம் ஒழுங்காக இருந்தேன்? பக்கத்துத் தோட்டக்காரன் என் தண்ணீரைத் திருப்பிக்கொண்டபோது கை ஓங்காமல் வந்தேனே, எதற்கு? குடிக்காமல், பொய் சொல்லாமல், ஓய்வுநாளில் பழம் பறிக்காமல் இருந்த நானும், ஊரை ஏய்த்தவனும் ஒரே பந்தியில் உட்காருவோமா? பயம் போய்விட்டால் நாளைக்கு யார் கோயிலுக்கு வருவார்கள்?

இன்னொரு விஷயம். எங்கள் சபை சின்னது. என் அப்பா காலத்தில் கல் சுமந்து கட்டிய கோயில். அதில் என் வீட்டுக் கல்யாணத்தாலேயே பிளவு வந்தது என்று பேச்சு வந்தால் நான் எந்த முகத்தோடு அங்கே நிற்பேன்? நீங்கள் போடியில் இருந்துகொண்டு சிரிக்கலாம். எனக்கு இங்கேதான் வாழ்க்கை.

வினோத்ராஜிடம் சொன்னேன். "அத்தை சொல்றது எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்கிறான். அவனுக்கு இப்போது உங்கள் வீட்டுக் காக்காய் கத்தினாலும் பிடிக்கும்.

நல்ல பதிலை எதிர்பார்க்கும்,
ஸ்டான்லி


போடிநாயக்கனூர்
11.8.2025

பிரியமுள்ள அண்ணனுக்கு,

நேற்று இரண்டு ஊரிலும் இரண்டாம் ஓலை ஆயிற்று. எங்கள் சபையில் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் என் பெயர் வந்த இடத்தில் பெண்கள் பக்கம் ஒரு தொண்டைக் கனைப்பு கேட்டது. நானும் திரும்பிக் கனைத்து வைத்தேன்.

பந்தியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், ஒரே பந்திதான். ஊரை ஏய்த்தவன் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் உங்கள் பாயசம் குறைந்துவிடுமா? அவன் அழுது, வெட்கப்பட்டு, திருந்தித்தான் வந்து சேர வேண்டும். அதுவே அவனுக்கு நரகம். அது உண்டு என்றுதான் நானும் சொல்கிறேன். கதவு உள்ளே விடும், ஆனால் வெளியே விடாது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. அப்புறம், நீங்கள் கை ஓங்காமல் வந்தது நரகத்துக்குப் பயந்து இல்லை அண்ணா. நீங்கள் அடிக்கிற ஜாதி இல்லை. எனக்குத் தெரியும், மதினிக்கும் தெரியும்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. உங்கள் கடிதத்தை நான் இவருக்கு வாசித்துக் காட்டினேன். உடனே எழுந்து சட்டையை மாட்டினார். "எங்கன கிளம்பிட்டீக?" என்றேன். "ஐயரப் பாக்கத்தான். தலையில தண்ணிதான ஊத்துவாக? ஊத்திக்கிருவோம். புள்ள கல்யாணத்துக்கு மொட்டையே போடுவேன், இதுக்கென்ன" என்றார். நான் வாசலை மறித்துக்கொண்டேன். ஷெரின் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு எழுந்து, "அம்மா, ஒனக்கு வராத வார்த்தையை எனக்காக நீ எழுதிக் குடுத்தேன்னா, நான் கல்யாணமே வேணாம்னுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக, எழுதிக் கொடுக்காவிட்டால் உங்கள் பக்கம் கல்யாணம் நிற்கும், எழுதிக் கொடுத்தால் என் பக்கம் நிற்கும். யோசித்துப் பார்த்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

என்றும் மறவாத,
சொர்ணா


ஓடைப்பட்டி
13.8.2025

சொர்ணலதாவுக்கு,

நேற்று ஐயர் ஃபோன் செய்தார். ஜெபராஜ் அவரிடமும் பேசியிருக்கிறார். ஆட்சேபணை வந்தால் நிறுத்திவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஐயர் திட்டமாகச் சொல்லிவிட்டார்.

ஒன்று எனக்கு மனவருத்தம். ஒரு மனிதன் தானாக ஞானஸ்நானத்துக்குக் கிளம்புகிறான், அவனை வாசலில் மறித்தீர்களே. அது உங்களுக்கு வேடிக்கையா? விசுவாசம் உள்ளவர்கள் செய்கிற காரியமா? இதைப் படித்தபோது ஜெபராஜ் சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வீரணன் வருவான். கையெழுத்தோடு அனுப்புங்கள். இல்லையென்றால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஸ்டான்லி


போடிநாயக்கனூர்
15.8.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். கோபத்தில் பாதி. நீங்கள் வெறும் "ஸ்டான்லி" என்று முடித்திருந்தது மீதி.

அவர் ஞானஸ்நானத்துக்குக் கிளம்பவில்லை அண்ணா, மகள் கல்யாணத்துக்குக் கிளம்பினார். உங்கள் சபையார் முன்னால் அவர் நம்பாததைச் சொல்லி நிற்பதை நீங்களும் விரும்பமாட்டீர்கள். என்றைக்காவது அவராக விரும்பி வந்தால் நானே கையைப் பிடித்துக் கூட்டிவருவேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். கல்யாணமான புதிதில் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போவேன். நரகத்தின் அக்கினியையும் புழுவையும் பற்றிப் பிரசங்கியார் சொல்வார். வீட்டுக்கு வந்தால் இவர் எனக்காகச் சோற்றை வடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது? சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ வருஷம் அப்படிப் போயிற்று.

ஷெரின் சின்னப்பிள்ளையாக இருந்தபோது இவர் வீட்டாரோடு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். கூட்டத்தில் பிள்ளை கையை விட்டுவிட்டாள். மைக்கில் சொன்னார்கள், போலீஸிலும் சொன்னோம். மத்தியானம் ஆயிற்று. "வீட்டுக்குப் போங்க, கெடச்சா தகவல் சொல்றோம்" என்றார்கள். நான் மயங்கி விழுந்துவிட்டேன். இவர் மட்டும் உட்காரவில்லை. செருப்பு அறுந்து, வெறுங்காலோடு அந்த வெயிலில் ராட்டினம் ராட்டினமாக, ஆற்றங்கரை முழுக்க நடந்தார். இவருடைய அண்ணன், "இன்னும் எவ்வளவு நேரம்டா தேடுவ?" என்று கேட்டதற்கு, "இதென்ன கேள்வி, கெடைக்கிற வரைக்கும்தான்" என்றார். பொழுது சாயும்போது ஒரு வளையல் கடைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குள் ஒன்று மாறியது. ஞானஸ்நானம் எடுக்காத என் புருஷனுக்குத் தன் பிள்ளை விஷயத்தில் இவ்வளவு பொறுமை இருக்கிறது. இவரைப் படைத்தவருக்கு இவரைவிடக் குறைவாகவா இருக்கும்? ஒரு கட்டத்தில் போதும் என்று அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவாரா? அன்றிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம் அண்ணா. பாட்டுப் பாடினால் வாய்விட்டுப் பாடுகிறேன். இந்தச் சந்தோஷத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொண்டு ஜெபிப்பது?

பிள்ளைகளுக்கு நான் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. அதனால் ஒன்று செய்யுங்கள். நான் கல்யாணத்தன்று கோயிலுக்குள் வரமாட்டேன், வெளியே நின்றுகொள்கிறேன் என்று ஐயரிடம் சொல்லுங்கள். பெண்ணை என் தம்பி கூட்டிவந்து நிறுத்துவான். ஷெரினிடம் நான் பேசிக்கொள்கிறேன். தாலி கட்டும்போது பாட்டுச் சத்தம் வெளியே கேட்கும், அது போதும்.

எப்போதும் உங்கள் தங்கச்சி,
சொர்ணலதா


ஓடைப்பட்டி
17.8.2025, ஞாயிறு மாலை

என் அருமைத் தங்கச்சி சொர்ணாவுக்கும், மச்சானுக்கும், மருமகள் ஷெரினுக்கும்,

காலையில் நடந்ததை ஃபோனில் சொல்லிவிடலாம். என் வீட்டம்மா ஏற்கெனவே பாதியைச் சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் எழுத வேண்டும்.

உங்கள் கடிதத்தை அவள்தான் நேற்று வாசித்தாள். வளையல் கடைக்கு வந்ததும் அவளால் வாசிக்க முடியவில்லை. மீதியை நான் வாங்கி வாசித்தேன். நீங்கள் வெளியே நிற்பதாக எழுதியதை ஐயரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமலேதான் கோயிலுக்குப் போனேன்.

ஐயர் பீடத்தில் இருந்தார். ஆனாலும் ஓலையை என்னையே வாசிக்கச் சொன்னார். இந்தத் தடவை ஒரே மூச்சில் முடித்துவிடுவது என்று நினைத்திருந்தும், அந்த வரி வந்ததும் கேட்டுவிட்டு நின்றுவிட்டேன். என் புத்தி அப்படி. ஜெபராஜ் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு. பொண்ணோட தாயாரு நரகம் இல்லங்கறாக."

"இல்லைன்னு சொல்லல. கடைசியில காலியாயிரும்னுதான் சொல்றாக" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் சிரித்துவிட்டன. ஐயர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஞானஸ்நானம் இல்லாம செத்தவுகளுக்கு மீட்பு உண்டுங்கறது துர்உபதேசம்" என்றார் ஜெபராஜ்.

அப்போது பெண்கள் பக்கம், பாயிலிருந்து ஒருவர் கையை ஊன்றி எழுந்தார். ஜெபராஜின் கூடப்பிறந்த அக்கா பஞ்சம்மாள். அக்காவும் தம்பியும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். தம்பி ஒச்சாண்டி என்ற பெயரை ஜெபராஜ் என்று மாற்றிக்கொண்டார், அக்கா மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுடைய தாயார் ஜக்கம்மா, கடைசிவரை மாரியம்மன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்து அப்படியே கண்மூடிய அம்மா. ஞாயிற்றுக்கிழமை இவர்கள் நம் கோயிலுக்கு வரும்போது அந்த அம்மா சோறாக்கி வைத்துக் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"ஏலே ஒச்சாண்டி" என்றார் பஞ்சம்மாள். கோயிலில் யாரும் ஜெபராஜை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நம்ம ஆத்தா எங்கன இருக்கா? நீ மூப்பரு, ஒனக்குத் தெரியும். நானும் இத்தன வருசமா கேக்காமயே இருந்துட்டேன். இன்னைக்குச் சபைக்கு முன்னால சொல்லு, கேட்டுக்கிர்றேன்."

இங்கே எந்த வீட்டில்தான் ஞானஸ்நானம் எடுக்காமல் போன ஒருவர் இல்லை? எல்லாரும் அவரவர் ஆளை நினைத்துக்கொண்டு ஜெபராஜின் வாயைப் பார்த்தார்கள். அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி, "தெரியலக்கா" என்றார். உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பஞ்சம்மாள் ஆண்கள் பக்கமே நடந்துபோய் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

ஐயர் எழுந்து, "வேறு யாருக்கும் ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார். ஜெபராஜ் துண்டுக்குள்ளிருந்தே, "எனக்கும் இல்ல ஐயரே" என்றார். பிறகு கீர்த்தனை பாடினோம். டோலக் எப்போதும் ஜெபராஜ்தான். இன்றைக்கு அவர் வாசித்த வாசிப்புக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கல்யாணப் பந்தலுக்கும் தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டார். சம்பளம் கேட்க மாட்டாராம்.

நான் புதன்கிழமை எழுதியதை மன்னித்துவிடுங்கள் தங்கச்சி. செப்டம்பர் நாலாம் தேதி நீங்கள் முதல் வரிசையில் உட்கார வேண்டும். பெண்ணை மச்சான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். ஐயரிடம் கேட்டுவிட்டேன், தடையில்லை என்றார். பாதியில் நழுவலாம் என்று மச்சான் நினைக்க வேண்டாம், எங்கள் கோயிலுக்கு எதிரே டீக்கடை கிடையாது.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் சொல்வதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. என் அப்பா சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றைக்கும் விசுவாசிக்கிறேன். இந்த வயதில் அதை மாற்ற எனக்கு வராது. ஆனால் மத்தியானம் தனியாகத் தோட்டத்துக்குப் போய், கொடிகளுக்குக் கீழே முழங்காலிட்டேன். செத்தவர்களுக்காக ஜெபிப்பது நம் சபையில் இல்லை என்று தெரிந்தும் ஜக்கம்மாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். மச்சான் பெயரையும் சொன்னேன். "ஆண்டவரே, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் நம்புவது தப்பாகவும், என் தங்கச்சி நம்புவது சரியாகவும் இருக்கட்டும்" என்று கேட்டேன். அழுகையும் வந்தது, சொல்ல முடியாத சந்தோஷமும் வந்தது.

இது ஜெபராஜுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் அண்ணன்,
ஸ்டான்லி